சாம்பல் லொறி

ஷரிபுதீன் காக்கா இருபத்தாறு வருடம் நெல் லொறி ஓட்டினார். அவ்வளவு காலத்திலும் அவர் ஏற்றிய மூடையில் ஒன்றுகூட ரோட்டில் விழுந்ததில்லை. கடைசியில் விழுந்தவர் அவர்தான். அதுவும் ஓடுகிற லொறியிலிருந்து அல்ல. வீரமுனைக்குப் பக்கத்தில் வயல் ஓரமாக நிறுத்தி வைத்திருந்த லொறியில், மூடைகளுக்கு மேலே ஏறி நின்று அவற்றை மூடுகிற படங்கை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது கயிறு அறுந்துவிட்டது. வலது கணுக்கால் மூன்று துண்டு. ஆஸ்பத்திரியில் தகடு வைத்து ஆறு ஆணி பூட்டினார்கள்.

என் பெயர் ஸஹீத். சாய்ந்தமருதில் அவருடைய வீட்டுக்கு நேர் எதிர் வீடு என்னுடையது. ஆட்டோ ஓட்டுகிறேன். இந்தக் கதையில் நான் ஒன்றும் நல்லவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம்.

லொறி மஜீட் ஹாஜியாருடையது. சம்மாந்துறைப் பக்கம் நெல் மில் வைத்திருக்கிறார். காக்கா விழுந்த மறுநாள் ஹாஜியார் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலடியில் நின்று, "ஷரிபு, அந்த சீட் உன்டதான். சிறுபோக வெட்டுக்கு நீ வந்து ஏறு. அது வரைக்கும் வாறவன் போறவன வெச்சி ஓட்டுவன்" என்றார். சிறுபோக நெல் அறுவடைக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. நானும் பக்கத்தில்தான் நின்றேன். வலியில் காக்காவுக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை, அது மட்டும் ஏறியது. அதன் பிறகு ஐந்து மாதம் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மனிசன் கிடந்தார்.

அந்தச் சீட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணின் பேரில் இருக்கும். வாப்பாவுக்குக் கட்டிக் கொடுக்க வசதியில்லாவிட்டால் அந்தப் பாரம் ஆண் பிள்ளைகளின் தலையில் விழும். கூடப் பிறந்தவளுக்கு வீடு எழும்பாமல் எவனும் தன் கலியாணத்தை வாயில் எடுக்க ஏலாது. காக்கா தன் உம்மாவின் வளவில் தங்கச்சிக்கு வீடு கட்டி முடித்துவிட்டுத்தான் சுபைறா ராத்தாவைக் கலியாணம் முடித்து எங்கள் தெருவுக்கு வந்தார். சுபைறா ராத்தாவின் வீட்டைக் கட்டியவன் அவவின் தம்பி ஜுனைட். கத்தாரில் ஆறு வருடம் லொறி ஓட்டிக் கட்டிய வீடு. "இது என்ட தம்பிட எலும்பு" என்று சுவரைத் தடவிச் சொல்லுவா.

ஆக, காக்காவின் உம்மா வீடு தங்கச்சியுடையது, இருக்கிற வீடு பெண்சாதியுடையது. இவருடையது என்று இவர் ஏறி உட்காருகிற இடம் அந்த லொறிச் சீட் ஒன்றுதான். அதில் பச்சைத் துணி ஒன்றை விரித்து வைத்திருப்பார். கண்ணாடியில் ஒரு தஸ்பீஹ் மணிமாலை தொங்கும். அந்தச் சீட்டில் வேறு யாராவது உட்கார்ந்தால், அது ஹாஜியாராகவே இருந்தாலும், முகம் கறுத்துவிடும்.

மாவுக்கட்டை வெட்டிய பிறகு பாதத்தை மேலே தூக்கிக் கீழே அழுத்தச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு முந்நூறு தரம். காக்கா பத்தோடு நிறுத்திவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். சுபைறா ராத்தா கெஞ்சிப் பார்த்தா, ஏசிப் பார்த்தா. கத்தாரில் இருக்கிற ஒரே மகன் போனில் அழுதும் பார்த்தான். மனிசன் அசையவில்லை.

அப்போதுதான் ஜுனைட் அந்த லொறி விளையாட்டை மச்சானின் போனில் போட்டுக் கொடுத்தான். மறுபடியும் கத்தாருக்குப் போய்த் திரும்பி வந்து ஒரு வருடமாக அவனுக்கு நிலையான தொழில் அமையவில்லை. அதனால் பகலெல்லாம் ராத்தா வீட்டில்தான் கிடப்பான்.

விளையாட்டு இவ்வளவுதான். மேடும் பள்ளமுமாக ஒரு பாதை, அதில் ஒரு லொறி, லொறியில் அடுக்கிய பெட்டிகள். இடது பெருவிரலில் பிரேக், வலது பெருவிரலில் அக்சிலேட்டர். ஆனால் செய்தவன் யாரோ லொறியின் குணம் தெரிந்தவன். மேட்டில் அளவுக்கு மிஞ்சி அழுத்தினால் முன்சக்கரம் எழும்பி லொறி மல்லாந்துவிடும். பள்ளத்தில் வேகமாக இறங்கினால் பெட்டிகள் துள்ளி வெளியே விழும். மரப்பாலம் பாரத்துக்கு வளையும். பாதிப் பெட்டி போய்விட்டால் ஆட்டம் முடிந்தது. ஒரே ஒரு இடத்தில்தான் அவன் பொய் சொல்லியிருந்தான். லொறி மேட்டிலிருந்து பாய்ந்து ஆகாயத்தில் போகும்போது பிரேக்கை அழுத்தினால் மூக்குத் தாழும், அக்சிலேட்டரை அழுத்தினால் மூக்கு நிமிரும்.

"இருவத்தாறு வருசமா எனக்கு இது தெரியாமப் போச்சேடா" என்று காக்கா இரண்டு நாள் சிரித்தார்.

அவர் அறியாமலே நடந்த காரியம் ஒன்று உண்டு. வலது பெருவிரல் அக்சிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் வலது பாதமும் கட்டிலில் அழுந்தியது. பழக்கம்தானே. அதைக் கண்டுபிடித்தவ சுபைறா ராத்தா. கொல்லையிலிருந்து ஒரு செங்கல்லைக் கழுவிக் கொண்டுவந்து, துணி சுற்றி, அவர் உட்காருகிற கதிரைக்கு முன்னால் சாய்த்து வைத்து அவருடைய பாதத்தை அதன்மேல் தூக்கி வைத்தா. முந்நூறு தரம் அசைக்க ஏலாத மனிசன், ஆயிரம் தரம் மிதித்தார். கையிலே விளையாட்டு, காலிலே வைத்தியம். மேட்டில் அளவாக மிதிப்பார், இறக்கத்தில் காலை எடுப்பார், பாலத்தில் பட்டும் படாமலும் தொடுவார். சுபைறா ராத்தா வாசலில் நின்று பார்த்து ஒவ்வொரு தரமும் "மாஷா அல்லாஹ்" என்பா.

இரண்டு பேர் இரண்டு போனில் ஒரே நேரத்தில் ஓடவும் அந்த விளையாட்டில் வழியுண்டு. நம்முடைய லொறி சிவப்பில் தெரியும், மற்றவனுடையது சாம்பல் நிறத்தில் நிழல் போல பக்கத்தில் வரும். காக்காவும் ஜுனைட்டும் பின்னேரங்களில் அப்படித்தான் ஓடினார்கள். ஜுனைட் மேட்டில் முழுதாக அழுத்துகிறவன். மல்லாந்து விழுந்து கிடந்து சிரிப்பான். "உன்னட்ட லொறியக் குடுத்தவனத்தான் குத்தம் செல்லணும்" என்று காக்கா தலையில் அடித்துக்கொள்வார்.

பிறகு ஒரு நாள் ஜுனைட் வந்து, அறுகம்பேயில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை கிடைத்துவிட்டது என்றான். "வெள்ளிக்கிழம மட்டும்தான் வர ஏலும் மச்சான். ஆனா விளையாட்ட விட மாட்டன். ஒவ்வொரு நாளும் அஸருக்கு முந்தி அங்கிரிந்து ஓட்டுவன்."

சொன்னபடி ஒவ்வொரு நாளும் மூன்று மணி தாண்டியதும் ஜுனைட்டின் பேரோடு சாம்பல் லொறி வந்து கோட்டில் நின்றது.

அதே கிழமையில் ஒரு நாள் காரைதீவுச் சந்தியில் நான் ஆட்டோவை நிறுத்திக்கொண்டு நின்றபோது ஹாஜியாரின் லொறி திரும்பியது. ஓட்டிக்கொண்டு வந்தவன் ஜுனைட். என்னைக் கண்டதும் வாயில் விரலை வைத்தான். பிறகு தேத்தண்ணிக் கடையில் என்னைத் தனியே இழுத்து, "காக்கா எழும்பின உடன நான் இறங்கிருவன் ஸஹீத். இப்ப செல்லாத. மனசு உடைஞ்சா கால் ஆறாது" என்றான். நான் நம்பினேன். தெருவில் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறான், எல்லோரும் நம்பினார்கள். ஒரு வீட்டில் கறி கருகினால் மூன்று தெருவுக்குத் தெரிகிற ஊர் எங்களுடையது. அந்த ஊர் ஒரு மனிசனுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தது. நல்லது செய்கிறோம் என்று ஒரு பெருமை வேறு எங்களுக்கு.

வெள்ளிக்கிழமைகளில் ஜுனைட் வந்து மச்சானின் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைச் சொறிவான். நெல்லுச் சுணை, தோலில் பட்டால் அரிக்கும். இருபத்தாறு வருடம் அதே சுணையில் கிடந்த மனிசனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

"என்னடா இப்படிச் சொறியிறா?"

"உப்புக் காத்து மச்சான். கடலடியிலதானே வேல."

காக்கா உள்ளே இருந்த பெண்சாதியைக் கூப்பிட்டு எண்ணெய் கொண்டுவரச் சொன்னார். தன் கையாலேயே அவன் கழுத்தில் தடவிவிட்டார். நான் அதைப் பார்த்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன்.

என்னிடம் ஒரு நாள் போனைக் காட்டி, "பாருடா, இவன் திருந்திட்டான்" என்றார் காக்கா. சாம்பல் லொறி முன்போல மேட்டில் பாயவில்லை. ஒவ்வொரு மேட்டுக்கும் முன்னால் நின்று நிதானித்து ஏறியது. பாலத்தைக் கண்டால் ஊர்ந்தது. "வேல ஒண்டு வந்தாப் புத்தியும் வரும். என்னோட ஓடி ஓடிப் பழகிட்டான்." எனக்கும் அது ஆச்சரியமாகத்தான் இருந்தது. பட்டப்பகலில் நெல் ஏற்றி ஓடுகிறவன் எந்த நேரத்தில் இதையும் ஓட்டுகிறான் என்று ஒரு கணம் நினைத்தேன். லொறியை ஓரத்தில் போட்டுவிட்டு ஓட்டுவானாக்கும் என்று விட்டுவிட்டேன். எனக்கென்ன வந்தது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின திங்கட்கிழமை காக்கா மிதித்த மிதியில் செங்கல் பிரண்டு விழுந்தது. காலில் பலம் வந்துவிட்டது. சுபைறா ராத்தா அன்று காலையில் சம்மாந்துறையில் ஒரு மவுத்து வீட்டுக்குச் சாவு விசாரிக்கப் போய் அப்போதுதான் வந்திருந்தா. செங்கல் விழுந்ததைக் கண்டு "மாஷா அல்லாஹ்" என்றா. கண் கலங்கியிருந்ததாம். பின்னேரம் வட்டிலப்பம் அவித்துத் தெருவுக்கே கொடுத்தா. நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

ஜூலை கடைசியில் கிளினிக்கில் டொக்டர் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னும் மூன்று கிழமையில் லொறி ஓட்டலாம் என்றார். சிறுபோக வெட்டுக்குச் சரியான நேரம். திரும்பி வரும்போது காக்கா என் ஆட்டோவின் பின்சீட்டில் இருந்து பைத் பாட்டுப் படித்துக்கொண்டு வந்தார். அவர் பாடி நான் கேட்டதே இல்லை. வீட்டில் சொன்னபோது சுபைறா ராத்தா, "பாப்பம், அல்லாஹ் நாடினா" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனா. காக்கா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இனி நடந்ததை அவரே பிறகு என்னிடம் சொன்னார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பின்னேரம். சிவப்பு லொறியும் சாம்பல் லொறியும் ஒன்றாக ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தன. எங்கள் பள்ளிவாசல் மோதினார் பக்கீர் முகைதீனுக்கு ஒரு பழக்கம். தொழுகைக்குப் பாங்கு சொல்ல முன்னம் மைக்கில் மூன்று தரம் தட்டுவார், தொண்டையைச் செருமுவார், அதன் பிறகுதான் ஆரம்பிப்பார். வேறெந்தப் பள்ளியிலும் இது கிடையாது. எங்கள் தெருப் பெண்கள் அந்தத் தட்டுக் கேட்டதும் செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். பாங்கு முடியும் வரைக்கும் கை அசையாது.

அன்று மோதினார் மைக்கைத் தட்டினார். சாம்பல் லொறி மேட்டின் நடுவில் அப்படியே நின்றது. பாங்கு முடிந்த பிறகு புறப்பட்டது.

பாங்குக்கு மதிப்புக் கொடுக்கிறான், நல்ல விஷயம் என்று காக்கா நினைத்தார். கதிரையில் இருந்தபடியே அஸர் தொழுது ஸலாம் கொடுக்கும்போதுதான் பொறி தட்டியது. அறுகம்பேயில் பாங்கு கேட்கும். பக்கீர் முகைதீன் மோதினார் மைக்கில் தட்டுவது அறுகம்பேயில் எப்படிக் கேட்கும்?

மறுநாள் அவர் வெல்ல விளையாடவில்லை, சாம்பல் லொறியைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓட்டினார். மைக்கில் முதல் தட்டு விழுந்தது. சாம்பல் லொறி நின்றது. வீட்டின் பின்பக்கத்தில், சமைக்கிற குசினியில், ஒரு சத்தமும் இல்லை. அந்த நேரத்தில் எப்போதும் சத்தம் இருந்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்ததாம். பாங்கு முடிந்ததும் சாம்பல் லொறி மரப்பாலத்தில் ஏறியது. காக்கா தன் லொறியையும் பாலத்தில் ஏற்றி, நடுப்பாலத்தில் வேண்டுமென்றே முழுதாக அழுத்தினார். சிவப்பு லொறி மல்லாந்து கவிழ்ந்து பெட்டி எல்லாம் ஆற்றில் போயின.

குசினியிலிருந்து "யா அல்லாஹ்" என்று ஒரு மெல்லிய குரல் கேட்டது.

காக்கா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். சுபைறா ராத்தா பலகையில் குந்தியிருந்தா. கையில் ஜுனைட்டின் பழைய போன். முக்காடு இன்னும் தலையில் இருந்தது.

"ஜுனைட் எங்க?"

அவ போனை மடியில் கவிழ்த்து வைத்தா. பிறகு, "லொறியில" என்றா.

"எந்த லொறியில?"

"உங்கட லொறியிலதான். நீங்க எழும்பும் வரைக்கும்தான் எண்டு ஏறினான். அவன் வராட்டி நீங்க விளையாட மாட்டீங்க. விளையாடாட்டிக் கால் அசையாது. அதான் போன என்னட்டத் தந்தான், நான் ஓட்டினன்."

காக்காவுக்கு முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு அடங்கிவிட்டது. எனக்காகச் சொன்ன பொய்தானே என்று நினைத்தாராம். கலியாணம் முடித்த புதிதில் இவவை லொறியில் ஏற்றிப் பொலன்னறுவைக்குக் கூட்டிப் போனபோது ஒவ்வொரு மதகுப் பாலத்திலும் அவ தன் பக்கத்து வெறும் தட்டில் காலை ஊன்றிப் பிரேக் பிடித்தது ஞாபகம் வந்ததாம். சாம்பல் லொறி பாலத்தைக் கண்டு ஊர்ந்ததும் அதே பயம்தான் என்று விளங்கியது. சிரிப்புக்கூட வந்தது. "என்னோட இவ்வளவு நாளும் ஓடினது நீயா" என்று கேட்டார். அவ சிரிக்கவில்லை. அந்த இடத்தில் நான் கவனித்திருக்க வேண்டும் ஸஹீத் என்றார் என்னிடம்.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "மில்லுக்குப் போவம். ஹாஜியாரிட்ட நான் வாறன் எண்டு செல்லிப்போட்டு வருவம்" என்றார். வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார். காரைதீவுச் சந்தியில் திரும்பி வயல்களுக்கு நடுவே போனோம். கதிர் முற்றி மஞ்சளாகிக் கிடந்தது. வெட்டு மெசினை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வழி நெடுக அவர் இந்த வயல் யாருடையது, எத்தனை மூடை வரும், எந்த இடத்தில் லொறி புதையும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஹாஜியார் தராசுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். காக்கா நடந்து வருவதைக் கண்டு எழும்பிவிட்டார். சந்தோசத்தில் எழும்பியதாக எனக்குப் படவில்லை.

"ஷரிபு, நடக்கிறியே."

"நடக்கிறன் ஹாஜியார். மூணு கிழமையில ஏறலாம் எண்டு டொக்டர் செல்லிட்டாரு. ஜுனைட் ஓட்டினது எனக்குத் தெரியும், பரவால்ல."

ஹாஜியார் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "உனக்கு இனிக் கால் வராது, சீட்ட மச்சானுக்கே எழுதிக் குடுங்க எண்டு நீதானே செல்லி அனுப்பினா?"

"நானா? யாரு வந்து செல்லினது, ஜுனைட்டா?"

"ஜுனைட் செல்லி இருந்தா நான் நம்புவனா? உன்ட பொஞ்சாதி வந்து செல்லிச்சி மனே. இந்த இடத்தில நிண்டு அழுதிச்சி. அது அழக்குள்ள நான் எப்படி இல்ல எண்டு செல்லுவன்? வாக்குக் குடுத்திட்டன்."

காக்கா எந்த நாள் என்று கேட்டார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின திங்கள் என்றார் ஹாஜியார். பகல் பதினொரு மணியாம்.

செங்கல் விழுந்த நாள். வட்டிலப்பம் அவித்த நாள். சம்மாந்துறை மவுத்து வீடு எது என்று எனக்கு அங்கே நின்றபடியே விளங்கியது. காக்கா நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"வாக்க மாத்த ஏலாது ஷரிபு. அவனுக்கு மூணு பொம்புளப் புள்ள, மூணு வீடு கட்டணும். நீ வேணுமெண்டா இஞ்ச தராசடியில ஒரு கதிரயப் போட்டு இரி. மூடை எண்ணிக்கிட்டிருக்கலாம்" என்றார் ஹாஜியார். அவர் கெட்ட மனிசர் இல்லை. அதனால்தான் அவரோடு சண்டை பிடிக்கவும் வழியில்லாமல் போனது.

அந்த நேரம் லொறி வந்தது. மில் வாசலில் ஒரு மதகு உண்டு. காக்கா அந்த மதகுக்கு இருபது பாகத் தூரத்துக்கு முன்னமே காலை எடுத்துவிடுவார். ஜுனைட் எடுக்கவில்லை. லொறி தூக்கிப் போட்டது, பின் சக்கரத்து வில்லு டம்மென்று அடித்தது, மேலேயிருந்து ஒரு மூடை சரிந்து ரோட்டில் விழுந்து வெடித்தது. நெல் சிதறிக் கிடக்க, ஜுனைட் இறங்கினான். எங்களைக் கண்டு அப்படியே நின்றுவிட்டான். கதவு திறந்து கிடந்தது. சீட்டில் பச்சைத் துணி இல்லை. புதிதாக ரோஸ் நிறத்தில் ஒரு மெத்தை போட்டிருந்தான். தஸ்பீஹையும் காணவில்லை.

"மச்சான், எனக்கு மூணு பொம்புள" என்றான் மெதுவாக.

"தெரியும். அத என்னட்டக் கேட்டிருக்கலாம்."

"கேட்டாத் தந்திருப்பீங்களா?"

காக்கா யோசித்தார். "தந்திருக்க மாட்டன்" என்றார். பிறகு குனிந்து, ரோட்டில் கிடந்த நெல்லில் ஒரு பிடியை அள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொட்டினார். ஊன்றுகோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆட்டோவுக்கு வந்தார்.

வழியில் ஒரே ஒரு தரம் வாய் திறந்தார். "உனக்கும் தெரியும், என்ன?"

"ஓம் காக்கா" என்றேன். வேறென்ன சொல்ல. "கொஞ்ச நாளைக்கு எண்டுதான் செல்லினான்." கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை, ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

வீட்டு வாசலில் சுபைறா ராத்தா நின்றா. காக்கா ஆட்டோவிலிருந்து இறங்கினார். ஊன்றுகோலைப் பின்சீட்டிலேயே போட்டுவிட்டு, கேற்றிலிருந்து விறாந்தை வரைக்கும் நடந்தார். கையில் ஒன்றையும் பிடிக்காமல் அவர் நடந்தது அன்றுதான் முதல். கொஞ்சம் நொண்டினார், ஆனால் எங்கேயும் நிற்கவில்லை. இத்தனை நாளும் பாதம் அசைந்ததற்கெல்லாம் மாஷா அல்லாஹ் சொன்னவ அன்று ஒன்றும் சொல்லவில்லை.

காக்கா விறாந்தையில் கிடந்த செங்கல்லுக்கு முன்னால் போய் நின்று வலது காலைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.

"இந்தக் காலா வராத கால்?"

சுபைறா ராத்தா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"என்ட கால் நாளுக்கு நாள் ஆறுறத உன்னட்டத்தானே காட்டினன். ஒரு விரல் அசைஞ்சாலும் உன்னத்தானே கூப்பிட்டன். நீ பாத்துப் பாத்துச் சந்தோசப்பட்டுப்போட்டு, அங்க போய் வராது எண்டு செல்லி அழுதிருக்கிறா."

"நான் அழுதது பொய்யில்ல" என்றா அவ. "அவன் கத்தாரில கிடந்து எனக்குத்தான் வீடு கட்டினான். கலியாணமும் பிந்தித்தான் முடிச்சான். நமக்கு ஒரே மகன், அவன் பொண்ணு வீட்டுக்குப் போயிருவான். நமக்கு வீடு கட்டிக் குடுக்கப் பொம்புளப் புள்ளயும் இல்ல. தம்பி வந்து கால்மாட்டில விழுந்து கேட்டான். நான் என்ன செய்யிற? நீங்க இருக்கிற கூரையும் அவன் போட்டதுதானே."

"ஓம்" என்றார் காக்கா. "அத நீ எனக்கு இண்டைக்குத்தான் செல்லிக் காட்டியிருக்கிறா."

திரும்பி நடந்து வந்து என் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். நான் எஞ்சினைப் போட்டேன். "எங்க காக்கா?" என்றேன். உம்மா வீட்டில் தங்கச்சியும் அவளுடைய மகளும் மருமகனும் இருக்கிறார்கள். பள்ளிவாசலில் போய் இருக்கலாம், ஆனால் இரவு இஷாத் தொழுகையோடு கதவைப் பூட்டிவிடுவார்கள். ஆட்டோ நடுங்கிக்கொண்டு நின்றது. இருபத்தாறு வருடம் அம்பாறை மாவட்டத்தின் ஒவ்வொரு வரம்பு ரோட்டையும் தெரிந்து வைத்திருந்த மனிசனுக்கு ஒரு இடத்தின் பேரைச் சொல்ல முடியவில்லை.

"நிப்பாட்டுடா" என்றார். நான் ஆட்டோவை இன்னும் ஓட்டத் தொடங்கவே இல்லை. இறங்கி அந்த வீட்டுக்குள்ளேயே போனார்.

இது நடந்து ஆறு மாதம். ஜுனைட் இந்தத் தெருவுக்கு வருவதில்லை. அவனுடைய மூத்த மகளின் வீட்டுக்கு அத்திவாரம் போட்டாயிற்று. தராசடிக் கதிரைக்குக் காக்கா போகவில்லை. என் ஆட்டோவில் என்னோடு இருந்து ஓடித் திரிவார். மதகு வந்தால் அவருடைய வலது கால் தானாக அழுந்தும், நான் காணாத மாதிரி இருப்பேன். பெண்சாதியோடு கதைப்பார், தேவைக்கு.

விளையாட்டை அவர் தொடுவதில்லை. ஆனால் போனிலிருந்து அதை அழிக்கவும் இல்லை. மூன்று மணி தாண்டி அவர் வீட்டில் இருந்தால் போன் ஒரு தரம் சிணுங்கும். ஜுனைட்டின் பேரில் போட்டிக்கு அழைப்பு வரும். அழைப்பது குசினியில் இருக்கிறவ என்று அவருக்குத் தெரியும். போனை எடுத்துப் பார்ப்பார். சாம்பல் லொறி பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கோட்டில் வந்து நிற்கும். அவர் அழுத்த மாட்டார். ஒரு நிமிசம் நின்றுவிட்டு அது தானாகவே அழிந்துபோகும். செங்கல் இன்னும் அதே இடத்தில்தான் கிடக்கிறது. அவருடைய காலுக்கு இப்போது முழுச் சுகம்.